கிராமப் பள்ளிகளில் காற்றடைத்த கோளரங்கம்: அமைக்கும் முறையும் நடத்தும் முறையும்

மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளுவதைக் கடலூர் மாவட்டத்தில் அறியாதார் இலர். சிறுவர் முதல் முதியோர் வரை யாவரும் அந்நாளை எதிர்நோக்கி இருக்கின்றனர். ஆயினும், மகம் என்பது யாது, அது வானத்தில் எத்திசையில் தோன்றுகின்றது, மாசி மாதத்துப் பூரணச் சந்திரனுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நம் பள்ளி மாணாக்கரைக் கேட்போமானால், விடை கூறுவோர் மிகச் சிலரே இருப்பர். நாள்தோறும் தலைக்கு மேல் விரிந்து கிடக்கும் வானம் நம் பிள்ளைகளுக்கு அயலாகிவிட்டது.

இக்குறையை நீக்குவதற்கு நகரங்களில் கோளரங்கங்கள் உள்ளன. சென்னைக் கோட்டூர்புரத்தில் 1988-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பிர்லா கோளரங்கமும், திருச்சிராப்பள்ளி அண்ணா அறிவியல் மையத்திலுள்ள கோளரங்கமும் பல்லாயிரம் மாணாக்கருக்குப் பயனளித்துள்ளன. ஆனால் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சென்னை 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. அங்குச் சென்று வர ஒரு பகலும் ஓர் இரவும் வேண்டும். பேருந்துக் கட்டணம் வேண்டும். உணவுச் செலவு வேண்டும். இவற்றைக் கொடுக்கக்கூடிய வீட்டுப் பிள்ளைகள் செல்வர். கூலி வேலை செய்வோரின் பிள்ளைகள் வகுப்பறையிலேயே தங்கிவிடுவர். ஆகவே, பிள்ளைகளைக் கோளரங்கத்துக்கு அழைத்துச் செல்வதினும், கோளரங்கத்தைப் பிள்ளைகளிடம் கொண்டுவருவது அறிவுடைமையாகும். மடித்துப் பையில் வைத்து, வேனில் ஏற்றிக் கொண்டுவரக்கூடிய காற்றடைத்த கோளரங்கம் இதற்கு ஏற்ற சாதனமாகும். அதனை ஊருக்கு வரவழைத்து, தீங்கின்றியும் பயனுள்ள வகையிலும் நடத்துவது எவ்வாறு என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் உழவர் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோளரங்கம் வளர்ந்த வரலாறு

இருண்ட அறை ஒன்றின் குவிந்த கூரையில் ஒளிப்புள்ளிகளை வீழ்த்தி, விண்மீன்கள் நிறைந்த வானத்தைக் காட்டும் கருவியை ஜெர்மனி நாட்டில் ஸைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த வால்தர் பவர்ஸ்பெல்ட் என்னும் பொறியியலார் அமைத்தார். 1923-ஆம் ஆண்டு அக்டோபரில் மியூனிக் நகரத்தில் அது முதன்முதலாகக் காட்டப்பெற்றது. நம் நாட்டில் 1954-இல் புனே நகரத்துப் பள்ளி ஒன்றில் கோளரங்கம் நிறுவப்பெற்றது. பின்னர் 1963-இல் கொல்கத்தாவில் பெரிய கோளரங்கம் திறக்கப்பெற்றது.

இவை யாவும் கட்டடங்கள். இடம் விட்டு இடம் பெயராதவை. 1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிலிப் சாட்லர் என்னும் ஆசிரியர், துணியால் தைத்த கூடாரம் ஒன்றை விசிறியால் ஊதி நிமிர்த்தி, அதனுள்ளே நுண்துளைகளிட்ட உருளை ஒன்றினுள் சிறு விளக்கை ஏற்றி, அத்துளைகள் வழியே விண்மீன்களைக் காட்டும் முறையைக் கண்டார். இதுவே 'ஸ்டார்லாப்' எனப் பெயர் பெற்றது. பள்ளிகளுக்குள்ளேயே வானத்தைக் கொண்டு செல்லும் வழி இவ்வாறு திறந்தது.

இந்நாளில் உருளைக்குப் பதிலாகக் கணினியும் புரொஜெக்டரும் பயன்படுகின்றன. மீன்கண் வில்லை எனப்படும் அகன்ற வில்லையின் வழியாக வானம் முழுவதையும் கூடாரத்தின் உட்புறத்தில் வீழ்த்தலாம். அவ்வில்லை விலை மிகுந்தது. ஆதலின், குவிந்த கண்ணாடி ஒன்றின் மீது சாதாரணப் புரொஜெக்டரின் ஒளியைப் பாய்ச்சிக் கூடாரம் முழுவதும் சிதறச் செய்யும் சிக்கன முறையை ஆஸ்திரேலியாவில் பால் போர்க் என்பார் வகுத்தார். வானத்தைக் காட்டும் 'ஸ்டெல்லேரியம்' என்னும் கணினி நிரல் எவருக்கும் விலையின்றிக் கிடைக்கின்றது. அதில் ஸ்ரீமுஷ்ணத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் குறித்துவிட்டால், நம் ஊரின் வானத்தையே எந்நாளுக்கும் எந்நேரத்துக்கும் காட்டலாம்.

கூடாரம் நிற்கும் விதம்

இக்கூடாரத்துக்குக் கம்போ கழியோ இல்லை. புளோயர் எனப்படும் காற்றூதி இடைவிடாமல் காற்றைச் செலுத்துவதால், உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றினும் மிகச் சிறிதளவு கூடுதலாகின்றது. அச்சிறு அழுத்தமே துணியைத் தாங்கி நிற்கின்றது. தையல் வழியாகவும் வாயில் வழியாகவும் காற்று கசிந்து கொண்டே இருக்கும். அது குறையென்று எண்ண வேண்டாம். உள்ளிருப்போர் மூச்சு விட்ட காற்று வெளியேறுவதற்கும் அக்கசிவே உதவுகின்றது. காற்றூதி நின்றுவிட்டால் கூடாரம் மெல்ல மெல்லத் தாழும். ஆகவே, பிள்ளைகள் உள்ளிருக்கும் நேரம் முழுவதும் காற்றூதி ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும்.

5 மீட்டர் விட்டமுள்ள கூடாரத்தின் தரைப்பரப்பு ஏறத்தாழ 20 சதுர மீட்டர். அதனுள் அடங்கும் காற்று ஏறத்தாழ 33 கன மீட்டர். 24 அல்லது 25 மாணாக்கர் தரையில் வட்டமாக அமரலாம். அதற்கு மேல் நெருக்குவது தவறு. அமைதியாக அமர்ந்திருக்கும் ஆள் ஒருவரின் உடலிலிருந்து ஏறத்தாழ 100 வாட் வெப்பம் வெளிப்படும். சிறுவர்க்குச் சற்றுக் குறையும் என்று கொண்டாலும், 25 பேர் அமர்ந்த கூடாரம் இருபது பெரிய குண்டு பல்புகள் எரியும் அறைக்கு ஒப்பாகும். மணிக்கு 1,000 கன மீட்டர் காற்றைத் தள்ளும் காற்றூதி இருப்பின், உள்ளிருக்கும் காற்று இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை மாறும். காற்றூதியின் மீது பொறித்துள்ள அளவைக் கேட்டறிந்து, இவ்வாறு கணக்கிட்டுப் பார்த்த பின்னரே பிள்ளைகளின் எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

திறந்த மைதானத்தில் இக்கூடாரத்தை நிறுத்தல் கூடாது என்பது நம் உறுதியான கருத்து. காற்றின் வேகம் இருமடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். கூடாரமோ இலேசான துணி. திடீரென வீசும் ஒரு காற்றில் அது பிள்ளைகளோடு புரண்டுவிடக்கூடும். ஆகவே, பள்ளியின் கூட்ட அறை, சமுதாயக் கூடம், கல்யாண மண்டபம் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடத்தைப் பார்வையிடச் செல்லும் உறுப்பினர் கையில் அளவு நாடா ஒன்றை எடுத்துச் செல்வது நலம். அவர் கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

1. 5 மீட்டர்க் கூடாரத்துக்கு 7 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள சமதளத் தரை வேண்டும். சுற்றிலும் ஒருவர் நடந்து செல்ல இடம் இருத்தல் அவசியம்.

2. கூரையின் உயரம் 4 மீட்டருக்குக் குறையாதிருத்தல் வேண்டும். கூடாரத்துக்கு மேலுள்ள மின்விசிறிகளை நிறுத்தி, அவற்றின் சுவிட்சுகளின் மேல் காகிதம் ஒட்டிவிட வேண்டும். அறியாமல் ஒருவர் விசிறியைப் போட்டுவிட்டால், மேலெழும்பிய துணி அதில் சிக்கிக் கிழியும்.

3. தரையில் ஆணி, கண்ணாடித் துண்டு, கூர்மையான கல் ஆகியன இல்லாதவாறு பெருக்கி, தார்ப்பாய் விரித்து, அதன்மேல் ஜமக்காளம் இடவேண்டும்.

4. மண்டபத்துக்கு இரு வாயில்கள் இருப்பின் சிறப்பு. நிகழ்ச்சி நடைபெறும்போது எவ்வாயிலையும் பூட்டுதல் ஆகாது.

5. குடிநீரும் கழிப்பறையும் அருகில் இருத்தல் வேண்டும்.

காலத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சித்திரை, வைகாசி மாதங்களின் வெயிலில் கூடாரத்தினுள் பிள்ளைகளை அமர்த்துவது துன்பம் தரும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழையும் புயலும் உண்டு. அந்நாட்களில் இரவு வானத்தையும் காண இயலாது. தை பிறந்தது முதல் பங்குனி முற்பகுதி வரையிலான காலமே எல்லாவகையிலும் ஏற்றது. வெயில் கடுமையற்றிருக்கும், வானம் தெளிந்திருக்கும், அறுவடை முடிந்து பெற்றோருக்கும் சற்று ஓய்வு கிட்டும்.

மின்சாரமும் புகையும் நெருப்பும்

பஞ்சாயத்தார் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய பகுதி இதுவே. காற்றூதி, புரொஜெக்டர், கணினி ஆகிய மூன்றும் சேர்ந்து சிறு கூடாரம் ஒன்றுக்குச் சாதாரணமாக ஒரு கிலோவாட் அளவிலேயே மின்சாரம் கொள்ளும். நாளொன்றுக்கு 5 மணி நேரம் ஓடினாலும் 5 யூனிட்டுக்கு மேற்படாது. எனவே மின்செலவு பெரிதன்று. மின்சாரம் தடையின்றிக் கிடைப்பதே பெரிது. எர்த் இணைப்புள்ள பிளக்கிலிருந்தே மின்சாரம் எடுக்க வேண்டும். ஒயர்களைப் பிள்ளைகள் நடக்கும் வழியில் விடாது சுவரோரமாகக் கொண்டு செல்ல வேண்டும். காற்றூதிக்கு இன்வெர்ட்டர் இணைப்புத் தருவது சாலச் சிறந்தது.

ஜெனரேட்டர் வைப்போர் ஓர் உண்மையை மனத்தில் கொள்ள வேண்டும். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உள்ளது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. காற்றூதி தன் அருகிலுள்ள காற்றை உறிஞ்சிக் கூடாரத்தினுள் செலுத்துகின்றது. ஜெனரேட்டரைக் காற்றூதியின் பக்கத்தில் வைத்தால், அந்நச்சுவாயுவை நாமே பிள்ளைகள் அமர்ந்துள்ள இடத்துக்கு அனுப்பியவர் ஆவோம். இருளில் பிள்ளைகள் மயங்கிச் சாய்ந்தாலும் உறங்குவதாகவே தோன்றும். ஆகவே, ஜெனரேட்டர் கட்டடத்துக்கு வெளியே, தொலைவில், காற்று மண்டபத்தை நோக்கி வீசாத பக்கத்தில் இருத்தல் வேண்டும். அதனைச் சரிவர வைக்க இடமில்லையெனில், அன்றைய நிகழ்ச்சியை நிறுத்திவிடுவதே கடமை.

நெருப்பைக் குறித்தும் இவ்வாறே. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். அந்நாளை நினைவிற்கொண்டு பிள்ளைகள் கூடும் இடங்களில் நடந்துகொள்ளுதல் நம் கடன். தீப்பற்றாத தன்மை ஊட்டப்பெற்ற துணியால் கூடாரம் தைக்கப்பட்டுள்ளதா என்று முதலில் கேட்டறிய வேண்டும். தொடக்க விழாவில் குத்துவிளக்கு ஏற்றுவதும் கற்பூரம் காட்டுவதும் நம் வழக்கம். அவற்றை மண்டபத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். கூடாரம் உள்ள அறையில் தீக்குச்சி, ஊதுவத்தி, கொசுவர்த்தி ஆகிய எதுவும் கூடாது.

மின்சாரம் நின்றால் செய்ய வேண்டியதை முதல் வகுப்புக்கு முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். ஆசிரியர் டார்ச் விளக்கை ஏற்றுவார். பிள்ளைகள் அமர்ந்த இடத்திலேயே இருப்பர். வெளியிலுள்ள இருவர் வாயிலைத் திறந்து துணியை உயர்த்திப் பிடிப்பர். வாயிலுக்கு அருகிலிருப்போர் முதலில் எழுந்து வரிசையாக வெளியேறுவர். இதனை ஒருமுறை நடத்தியும் பார்த்துவிட வேண்டும். அச்சம் தோன்றுவது அறியாமையினால். ஒருமுறை செய்து பழகிய பின் குழப்பம் நேராது.

நாள் ஒழுங்கு

ஸ்ரீமுஷ்ணம் வட்டாரத்தில் 320 மாணாக்கர் பயிலும் ஒரு பள்ளியை எண்ணிக்கொள்வோம். ஒரு காட்சிக்கு 24 பேர் எனில் 14 காட்சிகள் வேண்டும். உள்ளே நிகழும் பாடத்துக்கு 35 நிமிடம். பிள்ளைகள் செருப்பைக் கழற்றி உள்ளே செல்ல 5 நிமிடம். அவர்கள் வெளிவந்த பின் வாயிலைத் திறந்து வைத்துக் காற்றை மாற்ற 10 நிமிடம். ஆக ஒரு காட்சிக்கு 50 நிமிடங்கள். முற்பகலில் 9.30, 10.20, 11.10 மணிக்கு மூன்று காட்சிகளும், பிற்பகலில் 2.30, 3.20 மணிக்கு இரண்டு காட்சிகளும் நடத்தலாம். உச்சிப்பொழுதில் கூடாரத்துக்கும் ஆசிரியருக்கும் ஓய்வு. இவ்விதம் மூன்று நாட்களில் பள்ளி முழுவதும் கண்டுவிடும். ஒரே நாளில் முடித்துவிட வேண்டுமென்று ஐம்பது பேரை உள்ளே அடைப்பதால் பாடமும் கெடும், மூச்சும் முட்டும்.

கூடாரத்தினுள் எப்பொழுதும் பெரியவர் இருவர் இருத்தல் வேண்டும். மாணவியர் உள்ள காட்சியில் அவ்விருவருள் ஒருவர் ஆசிரியையாக இருத்தல் வேண்டும். வெளியே இருவர் காற்றூதியையும் வாயிலையும் கவனிப்பர். காய்ச்சலும் இருமலும் உள்ள பிள்ளைகளை வேறொரு நாளில் அழைத்துக்கொள்ளலாம். இருளைக் கண்டு அஞ்சும் பிள்ளையை வாயிலருகே ஆசிரியரின் பக்கத்தில் அமர்த்தலாம்; வற்புறுத்தி உள்ளே தள்ளுதல் கூடாது.

நடக்க இயலாத பிள்ளைகளை மறந்துவிடுதல் ஆகாது. சில கூடாரங்களில் தவழ்ந்து நுழையும் குகை போன்ற வாயில் உள்ளது. வேறு சிலவற்றில் அகலத் திறக்கும் ஜிப் வாயில் உள்ளது. சக்கர நாற்காலி செல்லத்தக்க வாயில் உள்ள கூடாரத்தையே பஞ்சாயத்து கேட்டுப் பெற வேண்டும். ஊர் தேடி வந்த வானம், ஒரு பிள்ளைக்கு மட்டும் வாயிலில் நின்றுவிடக் கூடாது.

காட்சிக்கு முன் நடத்தும் பாடம்

கூடாரத்தைக் கண்ட வியப்பிலேயே பிள்ளைகள் பாதி நேரத்தைக் கழித்துவிடுவர். ஆதலின் ஒரு வாரம் முன்னதாகவே பாடத்தைத் தொடங்க வேண்டும். ஸ்ரீமுஷ்ணத்துக்கு வடமேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். களிமண்ணைப் பிசைந்து உருவாக்குவது நம் பிள்ளைகளுக்குப் புதிதன்று. அக்களிமண்ணைக் கொண்டே முதற்பாடத்தை நடத்தலாம்.

1 சென்டிமீட்டர் விட்டமுள்ள மண்ணுருண்டை ஒன்றைப் பூமியாகக் கொள்வோம். சந்திரன் அதில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மிகுந்த உருண்டை. அதனைப் பூமியிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். சூரியனோ 109 சென்டிமீட்டர் விட்டமுடையது. அதனை மண்ணால் செய்ய இயலாது. சுவரில் வட்டமாக வரைந்து காட்டலாம். இவ்வளவைப்படி பூமிக்கும் சூரியனுக்கும் இடையே 117 மீட்டர் இருத்தல் வேண்டும். சூரியனைப் பள்ளிச் சுவரில் வரைந்துவிட்டு, பூமியைக் கையில் ஏந்திய பிள்ளை தெருக்கோடி வரை நடந்து செல்லட்டும். புத்தகத்தில் ஒரே பக்கத்தில் அருகருகே கண்ட உருண்டைகள் உண்மையில் எவ்வளவு தொலைவில் உள்ளன என்பது அந்நடையில் விளங்கும்.

கூடாரத்தினுள் நடத்தும் பாடம்

முதல் ஐந்து நிமிடங்கள்: சூரியன் மறையும் காட்சியோடு தொடங்கி ஒளியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கண் இருளுக்குப் பழகும்; அச்சமும் நீங்கும்.

அடுத்த ஐந்து நிமிடங்கள்: திசைகளைக் காட்டுதல். கிழக்கே சிதம்பரமும் கடலும். வடமேற்கே விருத்தாசலம் என்று ஊர்ப்பெயர்களாலேயே திசைகளை உணர்த்த வேண்டும்.

அடுத்த பத்து நிமிடங்கள்: ஓர் இரவு முழுவதையும் சுழற்றிக் காட்டுதல். விண்மீன்கள் கிழக்கில் எழுந்து மேற்கில் மறைகின்றன. துருவ நட்சத்திரம் மட்டும் ஏறத்தாழ ஓரிடத்திலேயே நிற்கின்றது. சுழல்வது வானமன்று, நாம் நிற்கும் பூமியே என்பதை இங்கு விளக்க வேண்டும். மிக விரைவாகச் சுழற்றினால் தலைசுற்றும். மெதுவாகவே நடத்த வேண்டும்.

அடுத்த பத்து நிமிடங்கள் பாடத்தின் உயிர்ப்பகுதி. மாசி மாதப் பூரணை நாளின் இரவு 7 மணியைக் காட்ட வேண்டும். திருவாதிரை மீன் ஏறத்தாழ நம் தலைக்கு நேர் மேலே செந்நிறமாக ஒளிரும். அதற்கு மேற்கே ரோகிணியும், அதனையும் கடந்து சிறு கொத்தாகக் கார்த்திகையும் தோன்றும். தெற்கே, தரையிலிருந்து 26 பாகை அளவிலேயே எழக்கூடிய அகத்திய நட்சத்திரம் காணப்படும். கிழக்கு வானில் பூரணச் சந்திரன் எழுந்து நிற்க, அதனையடுத்து விளங்குவதே மகம். மாசி மகம் என்று வழிவழியாகக் கூறிவந்த பெயர் வானத்தில் எழுதப்பட்டிருப்பதைப் பிள்ளைகள் அப்பொழுது கண்ணால் காண்பர்.

பின்னர் மாதங்களை ஒவ்வொன்றாக மாற்றிக் காட்ட வேண்டும். பங்குனிப் பூரணைச் சந்திரன் உத்திரத்தை அடுத்தும், சித்திரையில் சித்திரை மீனை அடுத்தும், வைகாசியில் விசாகத்தை அடுத்தும், கார்த்திகையில் கார்த்திகையை அடுத்தும், மார்கழியில் திருவாதிரையை அடுத்தும், தையில் பூசத்தை அடுத்தும் நிற்கும். பங்குனி உத்திரம், வைகாசி விசாகம், தைப்பூசம் என நாம் கொண்டாடும் நாட்கள் யாவும் இவ்வானக் கணக்கின் பெயர்களே. பூமி சூரியனைச் சுற்றி வருவதால், சூரியனுக்கு எதிர்ப்புறத்தில் தோன்றும் பூரணச் சந்திரனின் பின்னணி மாதந்தோறும் மாறுகின்றது என்னும் காரணத்தையும் உடன் கூற வேண்டும். மகத்தின் ஒளி நம்மை அடைய ஏறத்தாழ 79 ஆண்டுகள் ஆகின்றன. இன்று நாம் காணும் அவ்வொளி, நம் பாட்டனார் சிறு குழந்தையாக இருந்த காலத்தில் புறப்பட்டது என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் மறவாது.

கடைசி ஐந்து நிமிடங்கள் கேள்விகளுக்கு. ஒளியை மெல்லக் கூட்டிய பின்னரே பிள்ளைகளை எழச் செய்ய வேண்டும்.

இப்பாடத்தைப் பதிவு செய்த குரலுக்கு விட்டுவிடாமல், உள்ளூர் ஆசிரியரே பேசி நடத்துவது நன்று. பிள்ளைகளின் பெயர் சொல்லி அழைத்து, அவர்கள் கேட்கும் கேள்விக்கு நின்று விடை கூற அவரால்தான் இயலும். கருவியுடன் வருபவர் கணினியை இயக்கட்டும்; பேசுபவர் நம் ஆசிரியராக இருக்கட்டும். அதற்கென ஆசிரியருக்கு முதல்நாள் மாலையில் ஒரு தனிக்காட்சி நடத்திக் காட்ட வேண்டும். சுட்டிக் காட்டும் லேசர் விளக்கு ஆசிரியரின் கையில் மட்டும் இருத்தல் வேண்டும்; அது கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு.

உண்மை வானத்தில் நடத்தும் பாடம்

கூடாரத்தைக் காட்டி அனுப்பியதோடு கடமை முடிந்தது எனக் கருதுதல் பிழை. கூடாரம் ஏட்டைப் போன்றது, வானமே வயல். நாற்று விடும் முறையை ஏட்டில் படித்தவர் வயலில் இறங்கினால்தான் உழவர் ஆவார். காட்சி நடைபெற்ற வாரத்திலேயே ஓரிரவு, 7 மணி முதல் 8 மணி வரை, பெற்றோருடன் மாணாக்கரை மைதானத்துக்கு அழைக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் மைதானத்தைச் சுற்றியுள்ள தெருவிளக்குகளை அணைத்து வைக்கப் பஞ்சாயத்து ஏற்பாடு செய்யலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை. வழியில் மேடுபள்ளம் உள்ள இடங்களில் டார்ச் விளக்குடன் தொண்டர்களை நிறுத்தினால் போதும்.

அங்கு ஒரு சிறு சோதனை செய்யலாம். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால், அம்முட்டியின் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகை ஆகும். ஸ்ரீமுஷ்ணம் ஏறத்தாழ 11 பாகை 24 கலை வட அட்சத்தில் உள்ளது. ஆகவே துருவ நட்சத்திரம் வடதிசையில் தரைவிளிம்புக்கு மேல் ஒரு முட்டியளவுக்குச் சற்று மிகுந்த உயரத்தில் தோன்றும். கன்னியாகுமரியில் அது இன்னும் தாழும். தில்லியில் ஏறத்தாழ மூன்று முட்டி உயரத்தில் நிற்கும். தம் கைமுட்டியைக் கொண்டே, உலக உருண்டையில் தம் ஊர் இருக்கும் இடத்தைப் பிள்ளைகள் அளந்தறிவர்.

பகலிலும் ஒரு பாடம் உண்டு. ஆண்டில் இருமுறை, ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்டு 23-ஐ ஒட்டியும், நம் வட்டாரத்தில் சூரியன் உச்சியில் தலைக்கு நேர் மேலே வருகின்றது. அந்நாட்களில் பகல் 12 மணி 10 நிமிடம் முதல் 15 நிமிடத்துக்குள் செங்குத்தாக நட்ட கம்பியின் நிழல் மறைந்துவிடும். நிழலைக் கீழே நோக்க வேண்டுமேயன்றிச் சூரியனை நேரே நோக்குதல் ஒருபோதும் கூடாது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அந்நாள் தேசிய விண்வெளி நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது. அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் நம் பக்கத்து மாவட்டமாகிய விழுப்புரத்தைச் சேர்ந்தவர். நிலவுக்குச் செல்லும் வழி நம் மாவட்டத்துக்கு அருகிலேயே தொடங்கியது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

உழவர் பெருமக்களுக்கும் இதில் பங்குண்டு. இரவில் நீர் பாய்ச்சியோரும், விடிவெள்ளி கண்டு ஏர் பூட்டியோரும் நம் ஊர்களில் இன்னும் உள்ளனர். எம்மீன் எழுந்தால் எப்பொழுது என்று அவர்கள் அறிவர். அப்பெரியோரை மைதானத்துக்கு அழைத்து, தாம் அறிந்தவற்றைப் பிள்ளைகளுக்குக் கூறச் செய்ய வேண்டும். விடிவெள்ளி விண்மீன் அன்று, வெள்ளி என்னும் கோள் என்று ஆசிரியர் எடுத்துரைக்கலாம். பெரியோரின் அனுபவமும் பள்ளியின் அறிவியலும் இவ்வாறு ஒரே களத்தில் கூடும்.

பஞ்சாயத்தின் பொறுப்பு

தொடக்கத்திலேயே கூடாரத்தை விலைக்கு வாங்க எண்ண வேண்டாம். ஆண்டுக்கு ஒரு வாரம் பயன்படும் பொருளை வாங்கிப் பூட்டி வைத்தால் எலி கடித்து வீணாகும். முதலில் வாடகைக்கு அமர்த்திப் பார்க்க வேண்டும். அண்டையிலுள்ள ஐந்தாறு பஞ்சாயத்துகள் ஒன்றுசேர்ந்து அடுத்தடுத்த நாட்களில் நடத்தினால் வண்டி வாடகை பங்கிடப்படும். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான மாணாக்கருக்காக 2022 நவம்பரில் தொடங்கப்பெற்ற வானவில் மன்றத்தின் பணிகளோடு இதனை இணைத்து நடத்துவது பற்றித் தலைமையாசிரியருடன் கலந்து பேசலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற அமைப்புகளின் உதவியையும் நாடலாம்.

ஏற்பாடு செய்யுமுன் கருவியாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டிய விவரங்கள்: கூடாரத்தின் விட்டமும் உயரமும், காற்றூதியின் அளவு, துணி தீப்பற்றாததா, அவசர வாயில்கள் எத்தனை, சக்கர நாற்காலி நுழையுமா, பாடம் தமிழில் நடைபெறுமா, மின்சாரம் நின்றால் அவர்தம் ஏற்பாடு யாது. இவற்றுக்குத் தெளிவான விடை தராதவரிடம் நம் பிள்ளைகளை ஒப்படைத்தல் தகாது.

பிள்ளைகளிடம் கட்டணம் பெறாதிருத்தலே நன்று. பத்து ரூபாய் என்று வைத்தாலும், மூன்று பிள்ளைகள் உள்ள கூலிக் குடும்பத்தில் ஒரு பிள்ளையாவது நின்றுவிடும். வாடகை, வண்டி, உணவு, மின்சாரம் ஆகிய மொத்தச் செலவைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு பிள்ளைக்கு ஆகும் தொகையைக் கூட்டத்தில் அறிவித்தால், ஊரார் பலர் ஐந்து பிள்ளைகள், பத்துப் பிள்ளைகள் என ஏற்றுக்கொள்ள முன்வருவர். வரவு செலவைப் பள்ளிப் பலகையில் எழுதி வைப்பது அடுத்த ஆண்டுக்கு நம்பிக்கை விதைப்பதாகும்.

சாலையும் குளமும் பாலமும் அமைப்பது பஞ்சாயத்தின் பணி என்பதை நாம் அறிவோம். பிள்ளைகளின் அறிவுக்கு வழியமைப்பதும் அத்தகையதே. சமமான தரை, தூய காற்று, தடையற்ற மின்சாரம், விழிப்பான நான்கு பெரியவர், தமிழில் பேசும் ஓர் ஆசிரியர்: இவ்வைந்தும் எந்த ஊரிலும் கிடைப்பவை. வரும் மாசி மகத்துக்கு முன்பாக இதற்கான கூட்டத்தைக் கூட்டுவோமாக. அவ்வாண்டு கிள்ளைக்குச் செல்லும் வழியில் நின்று, எழுகின்ற சந்திரனுக்கு அருகே மகத்தைச் சுட்டிக் காட்டித் தம் பெற்றோருக்கு விளக்கும் பிள்ளை ஒன்றேனும் ஒவ்வொரு தெருவிலும் இருக்குமாயின், நாம் மேற்கொண்ட முயற்சி பயன் தந்ததாகும்.